செஞ்சிக்கோட்டையில் பெண் பார்த்தது

கொஞ்சம் நகந்து உக்காருங்க தம்பி. இந்தப் பையா? பரவால்ல, மடியிலயே வெச்சுக்கறேன். நீங்க எது வரைக்கும்? தாம்பரமா. நான் திண்டிவனம். அம்பது நிமிஷம்தான். வல்லத்துல ரெண்டு நிமிஷம் நிப்பான், தீவனூர்ல ஆள் இருந்தா நிப்பான், ஆறு நாப்பதுக்கு பஸ்ஸை ஸ்டாண்டுல போடணும். போடறானான்னு பாப்போம். முப்பத்தொரு வருஷம் திண்டிவனம் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவன் தம்பி. ஏகாம்பரம்னா பழைய டிரைவருங்களுக்குத் தெரியும். ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆச்சு. இன்னும் வண்டி நகந்தா கை தானா வாட்சைத் திருப்புது.

இந்த சீட்டு தூக்கிப் போடும். பின்சக்கரத்துக்கு மேல இருக்குதுல்ல. எனக்குத் தெரியாதா. ஆனா எம் பொண்ணு சொல்லிடுச்சு, நீங்க பின்னாடி உக்காருங்கப்பா, நான் முன்னாடி இருக்கேன்னு. அதோ பாருங்க, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, பச்சைப் புடவை. அதுதான் மேகலா. முப்பத்திமூணு வயசு ஆவுது. கூட உக்காந்து வரலாம்ல, பக்கத்துல இடம் இருக்குது. கேட்டா, தலை வலிக்குது, ஜன்னல் வேணும்னுது. சரின்னு விட்டுட்டேன். இன்னிக்கு நிறைய படி ஏறியிருக்குது.

கோட்டைக்குத்தான் போயிட்டு வரோம். செஞ்சிக்கோட்டை. சுத்திப் பாக்கவா? யாரு தம்பி இந்த ஐப்பசித் தூறல்ல பாறையைச் சுத்திப் பாக்கப் போறது. பொண்ணு பாக்க வந்தாங்க. ஆமா, கோட்டையிலதான். சிரிக்காதீங்க. இது ஏழாவது இடம். ஆறு இடம் பாத்து, ஆறும் வேணாம்னு போச்சு. அலுத்துப் போச்சு தம்பி எனக்கு. பஜ்ஜி போடறதும், சொஜ்ஜி கிண்டறதும், அவங்க வீட்டுக்குப் போயி கலந்து பேசிட்டு போன் பண்றோம்னு சொல்றதும். கலந்து பேசறோம்னா முடிஞ்சுது. எவனும் போன் பண்ண மாட்டான்.

உங்களைப் பாத்தா விவரமான ஆளா தெரியுது. அதனால கேக்கறேன். இன்னிக்கு நடந்ததைச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, அது சரின்னு சொன்னதா, வேணாம்னு சொன்னதா. எனக்குப் புரியல.

ஆறும் ஏன் போச்சுன்னா? ஒண்ணு ஜாதகம். ஒண்ணு, பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மின்னான், அவன் என்னமோ வெள்ளைக்காரன் மாதிரி. ஒண்ணு துபாய்க்காரன், நல்ல பையன், அவங்க ஒத்துக்கிட்டாங்க. நான்தான் சொன்னேன், அந்த வெயிலு எம் பொண்ணுக்கு ஒத்துக்காதுங்கன்னு. அது அப்படிப் போச்சு. இன்னொண்ணு கோயம்புத்தூர். அவங்களும் சரின்னாங்க. ஆனா கோயம்புத்தூர் எங்க இருக்குது, திண்டிவனம் எங்க இருக்குது. ஒரு அவசரம்னா? எனக்கு ஒரு நெஞ்சு வலின்னா? வண்டி ஏறி வந்து சேர ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம். இதெல்லாம் பாக்கணுமில்ல. அதுவும் வேணாம்னு போச்சு. மீதி ரெண்டும் என்னமோ சொன்னாங்க, ஞாபகம் இல்ல. அதுக்கு நேரம் சரியில்ல, அவ்வளவுதான்.

இவங்க அம்மா தவறி பதினோரு வருஷம். அப்ப மேகலாவுக்கு இருவத்திரெண்டு. காரியம் முடிஞ்ச பதினேழாம் நாளு சமையக்கட்டுக்குள்ள போச்சு, அன்னிலேர்ந்து எனக்கு ஒரு குறை கிடையாது. காலையில அஞ்சரைக்குக் காபி. ஏழே காலுக்கு டிபன், அதுக்கு முன்னாடி ஒரு மாத்திரை, பின்னாடி ஒரு மாத்திரை, எடுத்துக் கையில குடுத்துட்டுத்தான் ஆபீஸ் கிளம்பும். ஒரு தனியார் இன்சூரன்ஸ் ஆபீஸ், ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயே. சாயங்காலம் ஆறு பத்துக்கு வாசல்ல செருப்புச் சத்தம் கேக்கும். ஆறு பதினஞ்சு ஆனா நான் போன் போட்டுடுவேன். ரெண்டு தடவை மெட்ராஸ் ஹெட் ஆபீஸ்ல கூப்புட்டாங்க, புரமோஷனோட. அதுக்கே போக இஷ்டமில்ல. நான் ஒண்ணும் சொல்லல. அங்க போனா எங்கம்மா தங்குவ, எனக்கு யாரும்மா இருக்காங்கன்னு மட்டும் கேட்டேன். அதுவே வேணாம்னு எழுதிக் குடுத்துடுச்சு. அப்படிப்பட்ட பொண்ணு.

வல்லம் வந்துடுச்சு பாருங்க. மூணு நிமிஷம் நிக்கறான். அந்தக் காய்கறி மூட்டையை ஏத்தறதுக்கு. எங்க காலத்துல விட மாட்டோம்.

கோட்டை எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. என் யோசனைதான் தம்பி அது. எங்க பக்கத்துல ஒரு வழக்கம். முடிவு ஆகாம பொண்ணு வீட்டுச் சோத்துல கை நனைக்க மாட்டாங்க. காபி குடிப்பாங்க, பஜ்ஜி கடிப்பாங்க, ஆனா இலை போட்டா உக்கார மாட்டாங்க. உக்காந்து கை நனைச்சுட்டாங்கன்னா சம்பந்தம் முடிஞ்ச மாதிரி. அப்புறம் மாத்திப் பேசினா நாலு பேரு காறித் துப்புவாங்க. உங்க பக்கமும் அப்படித்தானா? அதான பாத்தேன்.

நாலு இடத்தை மயிலம் கோயில்லதான் வெச்சுக்கிட்டோம். கோயில்ல என்னா கஷ்டம்னா, பிரசாதம் சாப்புட்டு வயித்தை ரொப்பிக்கறாங்க. இல்லன்னா கீழ ஓட்டல் இருக்குது. நான் யோசிச்சேன். ஓட்டல் இல்லாத இடம், பசி எடுக்கற இடம் எது? கோட்டைதான். உள்ள போயிட்டா ஒரு கடை கிடையாது. ராஜகிரி மலைக்கு ஆயிரத்துச் சொச்சம் படி. ஏறி எறங்கினா எந்த மகாராஜாவா இருந்தாலும் பசிக்கும். நம்ம கையில புளிசாதப் பொட்டலம் இருந்தா சாப்புட்டுத்தான ஆவணும்? சாப்புட்டா முடிஞ்சுது. மேகலாவை விடியக்காலமே எழுப்பி எட்டுப் பொட்டலம் கட்டச் சொன்னேன். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், வடை. பத்துப் பேரு வந்தாலும் பாத்துக்கலாம்னு நினைச்சேன். வந்தது ரெண்டே பேரு. பையனும் அவங்க அம்மாவும்.

பையன் பேரு இளம்பரிதி. முப்பத்தாறு வயசு. லிஃப்ட் கம்பெனியில சர்வீஸ் பாக்கறான், வீடு தாம்பரத்துக்குப் பக்கத்துல, சேலையூர்ல. லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவனை ஆயிரம் படி ஏற வெச்சேன் பாருங்க. அப்பா கிடையாது. அம்மா ரங்கநாயகி, கவர்மெண்டு ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. முப்பது வருஷம் வார்டுல நின்னவங்க. பேச்சு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு.

பொது இடத்துல பொண்ணு பாக்கறதுன்னா தற்செயலா பாத்துக்கிட்ட மாதிரி இருக்கணும்ல. நான் டிக்கெட் குடுக்கற இடத்துல நின்னுக்கிட்டு, அடடே, நீங்களும் இங்கதான் வந்தீங்களான்னு கேட்டேன். அந்தம்மா என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, நேத்து நீங்கதான பத்து மணிக்கு வரச் சொன்னீங்கன்னாங்க. டிக்கெட் வாங்க நின்னவன்லாம் திரும்பிப் பாத்தான். மேகலா சிரிச்சுடுச்சு. எனக்கு முகமே இல்ல.

சரி, பிள்ளைங்க ரெண்டும் மேல போயி பேசட்டும்னு அனுப்பி வெச்சோம். ரெண்டு பொட்டலத்தை மேகலா பையில நானே வெச்சேன். மேல போனதும் குடும்மான்னேன். ஏற ஒரு மணி, எறங்க முக்கா மணி, பேச்சுக்கு அரை மணி. பத்தரைக்குக் கிளம்பினா பன்னெண்டே முக்காலுக்குக் கீழ இருக்கணும். கணக்கு சரிதான?

நானும் அந்தம்மாவும் கீழ, கோட்டைக்குள்ள இருக்கற கல்யாண மகால் பக்கத்துல புல்லுல துண்டை விரிச்சு உக்காந்தோம். பாறையா இருக்குது தம்பி அந்த ஊரு. எங்க பாத்தாலும் பாறை, ஒண்ணு மேல ஒண்ணு. மழையில நனைஞ்சு கருப்பா. தூறலு விட்டு விட்டுப் போடுது. எனக்கு முட்டி வலி, அந்தம்மாவுக்கு எந்த வலியும் இல்ல, ஏறியிருக்கலாம். ஏறலையாம்மான்னு கேட்டேன். உங்க கூட உக்காந்து பேசலாம்னுதான் வந்தேன்னாங்க. நல்ல மனசுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்ப ஆரம்பிச்சாங்க விசாரிக்க. சர்க்கரை இருக்கான்னாங்க. இல்லைன்னேன். பிரஷர்? லேசா இருக்குது, மாத்திரையில அடங்கிடும்னேன். கண்ணு தெரியுதா, கை நடுங்குதான்னு கேட்டு, என் கையை நீட்டச் சொல்லிப் பாத்தாங்க. ராத்திரி பாத்ரூமுக்குத் தானா எழுந்து போறீங்களா, வழியில எங்கயாச்சும் விழுந்தீங்களா, பேரு ஊரு மறக்குதா. எனக்குப் புரிஞ்சுபோச்சு. பரம்பரை வியாதி இருக்குதான்னு பாக்கறாங்க. நாளைக்குப் பேரப்பிள்ளைக்கு வந்துடக் கூடாதில்ல, நர்ஸு வேற. நான் விடுவேனா? தினம் காலையில நாலு கிலோமீட்டர் நடக்கறேன்னேன். நிஜம்தான் அது. மாடிப்படி ஏறித் தண்ணித் தொட்டியை நானே கழுவுவேன்னேன். பேப்பரைக் கண்ணாடி இல்லாம படிச்சுக் காட்டினேன். எங்க வம்சத்துலயே எண்பதுக்கு முன்னாடி எவனும் போனதில்லைம்மா, எங்கப்பா எண்பத்தாறு வயசுல தென்னமரம் ஏறினாருன்னேன். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். எண்பத்திரெண்டுதான்.

அந்தம்மா தலையை ஆட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டாங்க.

அப்புறம் பொண்ணைப் பத்திச் சொல்லணுமில்ல. நான் எம் பொண்ணைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். காபியில ஆரம்பிச்சு மாத்திரை வரைக்கும் சொன்னேன். எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆனப்ப பதினோரு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சிலயே தூங்குச்சு, அதைச் சொன்னேன். என் வீட்டுல உப்பு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதும்மா, அப்படி என்னை வெச்சுக்குதுன்னு சொன்னேன். அந்தம்மா என்னைப் பாத்தாங்க. உப்புகூடவா தெரியாதுன்னாங்க. தெரியாதுன்னேன். பெருமையாத்தான் சொன்னேன்.

கல்யாணத்துக்கு அப்புறம் என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. அதெல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன்னு சொன்னேன். மாப்பிள்ளை திண்டிவனத்துலயே இருந்துக்கலாம். காலையில ரயில் இருக்குது, தாம்பரத்துக்கு ரெண்டு மணி நேரம்கூட ஆவாது. சாயங்காலம் திரும்ப ரயில். சீசன் டிக்கெட் எடுத்துக்கலாம். மாடியில ஒரு ரூமு போடலாம். நீங்களும் வந்து இருங்கம்மான்னேன். நான் யாரையும் விட்டுட்டுப் பேசல தம்பி.

சாப்புடலாமான்னு பொட்டலத்தைப் பிரிச்சேன் ஒரு மணிக்கு. எனக்கு அசிடிட்டி, புளி ஒத்துக்காதுன்னுட்டாங்க. பையிலேர்ந்து பிஸ்கட்டும் பிளாஸ்க்கும் எடுத்து வெச்சுக்கிட்டாங்க. பாருங்க, பிளாஸ்க்கோட வந்திருக்காங்க. என் திட்டம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னும் எனக்குத் தெரியல. நான் மட்டும் எப்படிச் சாப்புடறது? மூடி வெச்சுட்டேன்.

பன்னெண்டே முக்கால்னு சொன்னேன்ல? ஒண்ணே முக்கால் ஆச்சு. ஆளைக் காணோம். போன் போட்டா மேகலா எடுக்கல, பையோட அடியில கிடந்துச்சாம். நான் எழுந்து எழுந்து பாக்கறேன். அந்தம்மா உக்காருங்க, வருவாங்கன்றாங்க. ஒரு வண்டி ஒரு மணி நேரம் லேட்டுன்னா என்ன அர்த்தம்? எங்கயோ பிரேக்டவுன். பாறை வழுக்குது, குரங்கு இருக்குது. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணுன்னா நான் என்னா ஆவறது?

ரெண்டுக்கு எறங்கி வந்தாங்க. சிரிச்சுக்கிட்டே வந்தாங்க தம்பி. அது சிரிச்சு நான் பாத்து எவ்வளவு நாளாச்சு. புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் சொருகிட்டு, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு. நான் திட்டலாம்னுதான் வாயைத் திறந்தேன். அந்தப் பையன் முந்திக்கிட்டான். மேல ஒரு பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிட்டுப் போயிடுச்சு சார், இன்னொண்ணை ரெண்டு பேரும் சாப்புட்டோம், புளிசாதம் பிரமாதம்னான்.

ஒரே பொட்டலம் தம்பி. ரெண்டு பேரும். நீங்களே சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரே இலையில. எனக்குக் கோவம் வரணுமா, சந்தோஷம் வரணுமான்னே தெரியல. ஆனா பையன் கை நனைச்சுட்டான். அது மட்டும் நிச்சயம்.

மேல என்னம்மா இருந்துச்சுன்னு கேட்டேன் அதுகிட்ட. ஒரு பாலம் இருக்குதாம். ரெண்டு பாறைக்கு நடுவுல பலகை போட்டு. அந்தக் காலத்துல அதை எடுத்துட்டா கீழ இருக்கறவன் எவனும் மேல வர முடியாதாம். நல்ல பாதுகாப்புதான்னேன் நான். அது சொல்லுது, மேல மாட்டிக்கிட்டவங்க எப்படிக் கீழ வந்தாங்கன்னுதான் யாருமே சொல்லலப்பான்னுது. என்னமோ போ. களைச்சுப் போனா இப்படித்தான் எதையாச்சும் பேசும்.

தீவனூர் வருது. கோயில் வெளிச்சம் தெரியுது பாருங்க. ஆறு இருவத்தெட்டு. பரவால்ல, இழுத்துக்கிட்டு வரான்.

இப்பதான் நான் கேக்க வந்த விஷயம். கோட்டை வாசலாண்ட குழாயில கை கால் கழுவப் போச்சு மேகலா. அந்தம்மாவும் கூடப் போனாங்க. கால் மணி நேரம் நின்னு பேசினாங்க. எனக்குக் காது கேக்கற தூரமில்ல. அந்தம்மா இது தோள் மேல கை வெச்சாங்க. இது முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிச்சு. மறுபடி துடைச்சுக்கிச்சு. நகை நட்டு ஏதாச்சும் கேட்டுட்டாங்களோன்னு எனக்கு பயம். திரும்பி வந்தாங்க. வந்து நேரா என் பையைத் தொறந்து, ஒரு பொட்டலத்தை எடுத்து, பிரிச்சு, நின்னுக்கிட்டே சாப்புட்டாங்க. புளிசாதம். அசிடிட்டின்னு சொன்ன அம்மா. முழுசா சாப்புட்டு இலையை மடிச்சுப் போட்டு, வடையையும் தின்னுட்டு, உப்பு அளவா இருக்குன்னாங்க.

அப்ப சரின்னுதான அர்த்தம்? நானும் அப்படித்தான் நினைச்சேன். கையைக் கூப்பி, அப்ப சம்பந்தி, தட்டு மாத்தற தேதி எப்ப பாக்கலாம்னு கேட்டேன். அந்தம்மா சொல்றாங்க, கலந்து பேசிச் சொல்றேன்னு நான் சொல்ல மாட்டேன் சார், உங்க பொண்ணே உங்ககிட்ட சொல்லும்னாங்க. அவ்வளவுதான். கார்ல ஏறிட்டாங்க. பையன் மட்டும் ஜன்னலை இறக்கி மேகலாவைப் பாத்து தலையை ஆட்டினான். இதுவும் ஆட்டுச்சு.

இது என்ன பதில் தம்பி? கை நனைச்சுட்டு, தேதி சொல்லாம போறது எந்த ஊரு வழக்கம்? நானும் கடைத்தெரு வரைக்கும் நடந்து வரும்போது கேட்டுப் பாத்தேன். என்னம்மா சொல்லப் போறன்னு. சொல்றேம்ப்பா, பஸ்ல ஏறுவோம்னுது. ஏறினா முன்னாடி போயி உக்காந்துக்கிச்சு.

சாயங்காலம் வரைக்கும் கடைத்தெருவுலயே சுத்தி அது பண்ண கூத்தைச் சொல்லலையே. மெடிக்கல் ஷாப்புல போயி எனக்கு ஒரு மாசத்து மாத்திரை வாங்குச்சு. வீட்டுல இன்னும் பத்து நாளைக்கு இருக்குது. கடைக்காரன்கிட்ட பேனா வாங்கி, ஒவ்வொரு அட்டையிலயும் காலை, இரவு, சாப்பிடும் முன், சாப்பிட்ட பின்னு எழுதிக்கிட்டு நிக்குது. பத்து வருஷமா முழுங்கற மாத்திரை, எனக்குத் தெரியாதான்னு கேட்டேன். தெரியும்ப்பா, எழுதியும் இருக்கட்டும்னுது. அப்புறம் ஒரு துண்டு, ஒரு சோப்பு டப்பா, ஒரு பல்லு பிரஷ்ஷு. வீட்டுல நாலு துண்டு இருக்குது. மனசு குழம்பிக் கிடந்தா கடைக்குப் போயி எதையாச்சும் வாங்கறது பொம்பளைங்க வழக்கம். அதோட கூடப் படிச்ச பொண்ணு ஒண்ணு, கோமதின்னு, தாம்பரத்துல இருக்குது, அதுக்குப் போனைப் போட்டு ஓரமா நின்னு பேசிக்கிட்டிருந்துச்சு. எனக்குச் சொல்லாததை அதுக்குச் சொல்லுது. போவட்டும்.

இந்தப் பையையும் என்கிட்டயே குடுத்துடுச்சு. மாத்திரை, மீதிப் பொட்டலம், வீட்டுச் சாவி எல்லாம் இதுலதான். சாவியை எப்பவும் அதுதான் வெச்சுக்கும்.

சரி, சொல்லுங்க தம்பி. சரின்னு சொன்னதா, வேணாம்னு சொன்னதா?

என்னா பாக்கறீங்க என்னை அப்படி?

ஸ்டாண்டு வந்துடுச்சு. எறங்கறேன். ஆறு நாப்பத்தி ஒண்ணு. ஒரு நிமிஷம் மன்னிக்கலாம். மேகலா, எழுந்துக்கம்மா, ஊர் வந்துடுச்சு. இன்னும் உக்காந்திருக்குது பாருங்க. தூங்கிடுச்சா என்னா.

* * *

தம்பி. தம்பி. இங்க, கீழ. ஜன்னலைக் கொஞ்சம் தூக்குங்க. நான்தான். பத்து நிமிஷம் நிக்கும் வண்டி, இன்னும் மூணு நிமிஷம் இருக்குது.

அது எறங்கல.

தாம்பரம் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்குது. என்கிட்ட பாஸ் இருக்குது, அது டிக்கெட்டை அது எடுத்துக்கும், நான் எங்க பாக்கறது? முன்படியில ஏறிப் போயி, ஏம்மா எறங்கலன்னு கேட்டேன். நான் தாம்பரம் போறேம்ப்பா, கோமதி வீட்டுல இருக்கப் போறேன், காலையில ஹெட் ஆபீஸ்ல போயி சேர்றேன்னு சொல்லப் போறேன்னுது. நிதானமா சொல்லுது. எத்தனை நாளைக்குன்னேன். தெரியலப்பா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவேன்னுது.

அப்ப அந்தப் பையன் என்னா ஆச்சுன்னு கேட்டேன். அவங்க சரின்னுட்டாங்களாம். அம்மாவும் சரி, பையனும் சரி. நான் நினைச்சது சரிதான் தம்பி, கை நனைச்சது கை நனைச்சதுதான். மேகலாதான் இன்னும் சரின்னு சொல்லலையாம். உங்க வீட்டுலேர்ந்து நேரா இன்னொரு வீட்டுக்குப் போவ மாட்டேம்ப்பா, நடுவுல கொஞ்ச நாள் எனக்குன்னு வேணும், அதை அவருகிட்ட மேலயே சொல்லிட்டேன், எவ்வளவு நாள் வேணுமோ எடுத்துக்கன்னாருன்னுது.

நான் அதுக்கும் ஒண்ணும் சொல்லல. எனக்கு வயசாவுது, தனியா விட்டுட்டுப் போறியேம்மான்னு மட்டும் கேட்டேன். முன்னல்லாம் அந்த ஒரு வார்த்தை கேட்டா அது முகம் மாறிடும். இன்னிக்கு மாறல. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுது. குழாயடியில அந்தம்மா சொன்னாங்களாம். உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா, மூணரை மணி நேரம் கூட உக்காந்து பாத்துட்டேன், கண்ணு, கை, நடை, ஞாபகம் எல்லாம் நல்லா இருக்குது, உன்னைவிட தெம்பா இருக்காரு, நீ பயப்படாம போன்னு சொன்னாங்களாம்.

முப்பது வருஷம் வார்டுல நின்னவங்க தம்பி. அவங்க சொன்னா சொன்னதுதான். பதினோரு வருஷமா நான் போயிடுவேன், போயிடுவேன்னு பயந்துக்கிட்டே கிடந்திருக்குது இந்தப் பொண்ணு. நான்தான் பேப்பரைப் படிச்சுக் காட்டினேன். நான்தான் தொட்டி கழுவறேன்னு சொன்னேன்.

அழலையேன்னு பாக்கறீங்களா? எனக்கு அழுகையா வரல, அசதியா இருக்குது. அப்படியே இந்தப் பெஞ்சுல உக்காந்துடலாம் போல இருக்குது.

டைம் கீப்பர் பையன் வெளிய வந்துட்டான். எனக்குத் தெரிஞ்சவன்தான், நான் பழக்கின ஆளு. ஒரு வார்த்தை சொன்னா பத்து நிமிஷம் நிறுத்தி வெப்பான் வண்டியை. வெச்சா நான் மறுபடி மேல ஏறுவேன். ஏறினா எதையாச்சும் சொல்வேன். அதுவும் எறங்கினாலும் எறங்கிடும் தம்பி. அது குணம் எனக்குத் தெரியும்.

முப்பத்தொரு வருஷத்துல ஒரு வண்டியையும் நான் நிறுத்தி வெச்சதில்ல. கலெக்டர் வீட்டு ஆளு வரணும்னு சொன்னப்பகூட.

நீங்க தாம்பரம்தான போறீங்க? ஒரு உதவி. அது வண்டியில தூங்கிடும். விடியக்காலம் எழுந்த உடம்பு, ஆயிரம் படி ஏறியிருக்குது. தாம்பரம் வந்தா ஒரு குரல் குடுங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம். இந்தாங்க, இந்தப் பொட்டலத்தை அதுகிட்ட குடுத்துடுங்க, அது ஒரு வாய்தான் சாப்புட்டிருக்கும். இன்னொண்ணு நீங்க சாப்புடுங்க. எனக்கு மீதி இருக்குது, இன்னிக்குப் போதும். நாளைக்குத்தான் ஏதாச்சும் பண்ணிக்கணும்.

அப்படியே அதுகிட்ட உப்பு எங்க இருக்குதுன்னு கேட்டு... வேணாம், விடுங்க. கேட்டா எறங்கிடப் போவுது. வீட்டுலதான இருக்கும், தேடிக்கறேன்.

ஆறு அம்பத்தி ஒண்ணு. கையை உள்ள எடுங்க தம்பி.

ரைட். போலாம்.